தாங்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தவன்

அவனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இப்போது அடையாள அட்டையில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அவன் வேலை பார்க்கிற விமான இஞ்சின் சோதனைக் கூடத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் அவன் ‘தாங்கும்’. முகத்துக்கு நேரே ‘சார்’ என்பார்கள். முதுகைத் திருப்பினால் தாங்கும்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. அங்கே ஒரு நடைமுறை உண்டு. இஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவையும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக் கேட்பார்கள். “எரிபொருள்?” என்றால் எரிபொருள்காரர் “தயார்” என்பார். “எண்ணெய்?” “தயார்.” “காற்று?” “தயார்.” கடைசியில் “பூச்சு?” என்று வரும். பூச்சு இவனுடைய பிரிவு. எல்லோரும் தயார் என்று சொல்லும்போது தானும் தயார் என்று சொல்லிவிட்டால் இவன் கௌரவம் என்னாவது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “தாங்கும்!” என்பான். என்னமோ இவனே போய் அந்த நெருப்புக்குள் படுத்துக்கொண்டு தாங்கப்போகிறவன் மாதிரி.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் சமையலறைச் சுவரில் ஒரு பலகை அடித்தான். “இது தாங்குமா?” என்று மனைவி கேட்டாள். “யானையே ஏறி உக்காந்தாலும் தாங்கும்” என்றான். யானை ஏதும் வரவில்லை. ஒரு வரிசைத் தட்டும் ஒரு மாவு டப்பாவும்தான் ஏறின. சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது சமையலறை முழுக்க மாவு. நடுவில் பலகை குப்புறக் கிடந்தது. “சுவர் சரியில்ல” என்றான். பலகை சரியில்லை என்றோ, ஆணி சரியில்லை என்றோ, அடித்த கை சரியில்லை என்றோ அவன் வாயில் வரவே வராது. அந்தச் சுவர் பாவம், வீடு கட்டிய நாளிலிருந்து அப்படியேதான் நின்றுகொண்டிருக்கிறது.

அவன் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க இருமுகிறவர்களையும் தும்முகிறவர்களையும் பார்த்துப் பார்த்து, யார் என்ன சொன்னாலும் பாதிக்குமேல் நம்புவதில்லை என்ற பழக்கம் வந்துவிட்டவள். அவளுடைய தம்பிக்கும் இஞ்சின் கூடத்தில்தான் வேலை. இஞ்சினை ஓட்டுகிறவனே அவன்தான். கனத்த சுவர் ஒன்றில் பதித்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் “எரிபொருள்? எண்ணெய்?” என்று கூப்பிடுவதும் அவன்தான். ‘தாங்கும்’ என்று முதலில் பெயர் வைத்ததும் அவனாகத்தான் இருக்கும். கேட்டால், “நான் எங்க மாமாவைப் போய் அப்படிச் சொல்வேனா?” என்று கண்ணைச் சிமிட்டுவான்.

பூச்சு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவனுடைய அலட்டல் புரியாது. ஆகாயத்தில் பறக்கிற இஞ்சின் இருக்கிறதே, அதன் வயிற்றுக்குள் எரிகிற நெருப்புக்குப் பக்கத்தில் விசிறி இறக்கை மாதிரி பிளேடுகள் வரிசையாக நின்று சுற்றுகின்றன. அந்த நெருப்பின் சூட்டுக்கு அந்த பிளேடைச் செய்த உலோகமே உருகிவிடும். உருகாமல் இருக்க இரண்டு வேலை செய்கிறார்கள். பிளேடுக்குள் ஓட்டை போட்டுக் குளிர்ந்த காற்றை ஊதுகிறார்கள். வெளியே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு மெல்லிய தோல் பூசுகிறார்கள். விரல் நகத்தின் கனம்கூட இருக்காது. அந்தத் தோல் இருக்கிறவரைக்கும் பிளேடு பிழைக்கும். தோல் உரிந்தால் பிளேடு போச்சு. பிளேடு போனால் இஞ்சின் போச்சு. இஞ்சின் போகிறபோது பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பாடு அவர்களோடு.

அந்தத் தோலைக் கண்டுபிடிக்கிற வேலைதான் இவனுக்கு. தூளை நெருப்புத் துப்பாக்கியில் போட்டு உருக்கி உலோகத்தின்மேல் பீச்சுவான். நேராக பிளேடில் பூசிப் பார்த்தால் செலவு என்று, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்ட உலோகத் துண்டுகளில்தான் முதலில் பூசிப் பார்ப்பார்கள். அதற்குப் பெயரே ‘பொத்தான்’. அந்தப் பொத்தான்களை உலைக்குள் விட்டுச் செக்கச் செவேலென்று பழுக்க வைத்து வெளியே இழுப்பார்கள். ஆறவிடுவார்கள். திரும்ப உள்ளே விடுவார்கள். உலையும் அலுக்காமல் விழுங்கித் துப்பிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் தோல் எத்தனை தடவை வரைக்கும் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

வேலை சுலபமானது என்று யாரும் சொல்லவில்லை. இவன் உழைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. தலைமுடி கொட்டுகிற அளவுக்கு உழைத்தான். எத்தனையோ தூள், எத்தனையோ கலவை. ஒன்று ஒட்டாது. ஒன்று ஒட்டும், ஆனால் வெடித்துவிடும். உழைப்பில் குறை இல்லை. வாயில்தான் கோளாறு. தோற்றதை எல்லாம் வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டு, ஜெயித்ததை மட்டும் தன் தோளில் போட்டுக்கொள்கிற வாய்.

ஒரு கலவை கடைசியில் நன்றாக வந்தது. வெள்ளிக்கிழமை உலையிலிருந்து எடுத்த பொத்தான்கள் முத்து மாதிரி இருந்தன. ஒரு கீறல் இல்லை. “தாங்கிடுச்சு!” என்று அறையெல்லாம் கத்தினான். மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பொத்தான்கள் கறுப்பாகக் கிடந்தன. பக்கத்தில் வெள்ளைத் தோல் உரிந்து, உடைந்த முட்டை ஓடு மாதிரிச் சிதறிக் கிடந்தது.

அடுத்த வாரமும் அப்படியே. வெள்ளிக்கிழமை முத்து, திங்கட்கிழமை முட்டை ஓடு.

வேறு எவனாக இருந்தாலும், நெருப்புக்குள் உரியாத தோல் மேஜைமேல் ஏன் உரிகிறது என்று கொஞ்சம் யோசித்திருப்பான். பூச்சுக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர் இதைப் பற்றியே பேசியும் இருக்கிறார். அந்த நேரத்தில் நம் ஆள் வெளியே நின்று காபி குடித்துக்கொண்டு, உள்ளே பேசுகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று வெளியே நின்ற இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். யோசிக்க அவனுக்கு நேரமில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இந்த அறைக்குள் யார் வருகிறார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனபிறகு தரையைத் துடைக்கிற அம்மாள் வருவார். வாளித் தண்ணீரும் துடைப்பானுமாக வந்து, அறை முழுக்க நன்றாக ஈரம் போட்டுத் துடைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவார். சுத்தமாக வேலை செய்கிறவர். வாயும் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் நீளம். அந்த அம்மாளைக் கூப்பிட்டு நிற்கவைத்தான்.

“மேஜையைத் தட்டினீங்களா?”

“இல்ல சார்.”

“பொத்தானை எடுத்துப் பாத்தீங்களா?”

“நான் எதுக்கு சார் அதை எடுக்கணும்? என் சட்டையில எல்லாப் பொத்தானும் இருக்கு.”

“அப்போ எப்படி உடைஞ்சுது?”

“நான் தொடவே இல்ல சார்.”

“தொடாம தானா உடையுமா?”

“அதைத்தானே சார் நீங்க படிச்சிருக்கீங்க?”

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அம்மாள் வெளியே போனார் என்று சொல்ல வேண்டும். மறுநாளே இயக்குநரிடம் போய், விலைமதிக்க முடியாத பொருளைக் கண்டவர்கள் கையில் விட முடியாது என்று ஒரு மூச்சு அழுதான். இயக்குநர் ஒரு சாதுவான மனிதர், யார் கடைசியாக வந்து பேசினார்களோ அவர்கள் சொன்னதே சரி என்று நம்புகிறவர். அம்மாளை வாசலுக்கு மாற்றினார்கள். மழையிலும் வெயிலிலும் நின்று வண்டிகள் வரும் பாதையைப் பெருக்குகிற வேலை. நிழலில் செய்துகொண்டிருந்த வேலை போய், முழங்கால் வலியோடு திறந்தவெளியில் நிற்கிற வேலை. அந்த அறைக்குள் இனி யாரும் வாளியோ துடைப்பானோ கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினான். தானே ஒரு உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டிக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை பொத்தான்கள் முத்தாகவே இருந்தன. அதற்கடுத்த வாரமும்.

“பாத்தியா?” என்றான் வீட்டில் வந்து. “அந்தம்மாதான். நான் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சேன்.”

“உங்களுக்கு மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சா என்னை எப்படிக் கட்டிக்கிட்டீங்க?” என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. பூச்சு நூறு தடவை உலைக்குள் போய் வந்தது, மேலும் நூறு தடவை போய் வந்தது, அசையவில்லை. பிளேடுகளில் பூசினார்கள். இஞ்சினில் மாட்டினார்கள். முதலில் சின்ன ஓட்டம் ஒன்று. “பூச்சு?” என்று மச்சான் ஒலிபெருக்கியில் கேட்க, “தாங்கும்!” என்று இவன் முழங்க, இஞ்சின் இரைந்து ஓடி, ஒழுங்காக நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் அவன் தோளில் கைபோட்டு, இதைப்போல் பெரிய ஓட்டமும் நல்லபடியாக முடிந்தால் துணை இயக்குநர் நாற்காலி அவனுக்குத்தான் என்று சொன்னார். அன்று வீட்டுக்கு வரும்போது அவன் நடந்து வரவில்லை, மிதந்து வந்தான். துணை இயக்குநர் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று மனைவியிடம் கையால் வரைந்து காட்டினான். பலகை கூட அடிக்கப்போவதாகச் சொன்னான். அவள் வேண்டாம் என்று காலில் விழாத குறை.

பெரிய ஓட்டத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. கூடத்தின் பெரிய கதவுகள் ஈரத்தில் உப்பி, மூட முடியாமல் பாதி திறந்தே நின்றன. இஞ்சின் அதற்குள்ளேயே ஒரு வாரமாகச் சும்மா கிடந்தது. சுவரெல்லாம் வியர்த்தது.

பெரிய ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் சாப்பிட வந்தான். தாங்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தான். உள்ளே இரண்டு பொத்தான்கள். இத்தனை மாதமாக உலையில் வறுபட்டுத் திரும்பிய பொத்தான்கள். மேஜைமேல் எடுத்து வைத்து, கண்காட்சிப் பொருளைக் காட்டுகிற மாதிரி ஒரு விரலால் சுட்டினான்.

“எரிமலைக்குள்ள போட்டாலும் இது தாங்கும். தெரியுமா உனக்கு? சும்மா எங்கேயாவது உக்காந்து விசையைத் தட்டுறவனுக்கு இதோட அருமை தெரியாது.”

“தட்டுறவன் நாளைக்குக் காலையில தட்டணும்ல மாமா? அதான் அருமையா பாக்கிறேன்” என்றான் மச்சான், வாய் நிறைய சோற்றோடு.

மனைவி ஜாடியில் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீர் சில்லென்றிருந்ததால் ஜாடி வியர்த்து நனைந்திருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, ஒரு பொத்தானின் மேல் விழுந்தது.

‘டிக்’ என்று ஒரு சத்தம். யாரோ நாக்கைச் சொடுக்கின மாதிரி. வெள்ளைத் தோல் ஒரு ஓரத்தில் எழும்பி, சுருண்டு, துள்ளி, உப்புக் கிண்ணத்தில் போய் விழுந்தது. பொத்தான் கறுப்பாக இளித்துக்கொண்டு கிடந்தது.

 மச்சான் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

“நீ ஜாடியால இடிச்ச” என்றான் தாங்கும்.

“நான் தொடவே இல்ல.”

“தொடாம தானா உரியுமா?”

சொன்ன அந்த நிமிஷமே அவன் முகத்தில் ஈயாடவில்லை. ‘நான் தொடவே இல்ல’ என்று இன்னொரு குரல் சொன்னதை அவன் காதே அவனுக்கு ஞாபகப்படுத்திவிட்டது. அந்தக் காது இருக்கிறதே, அவன் உடம்பிலேயே கொஞ்சம் நேர்மையான பாகம் அதுதான்.

மச்சான் தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்தான். இரண்டாவது பொத்தானுக்கு மேலே நீட்டினான். “வேணாம்டா!” என்று தாங்கும் கையை நீட்டுவதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. டிக். இந்தத் தோல் மேஜை விளிம்புவரை பறந்தது.

“எரிமலை தாங்குமாம்” என்றாள் மனைவி. “ஒரு சொட்டுத் தண்ணி தாங்கலை. எங்க கடையில மாத்திரைகூட ஈரத்துக்குப் பயந்து டப்பாவுக்குள்ள ஈரம் உறிஞ்சுற ஒரு பொட்டலத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. உங்க பூச்சுக்கு அந்த அறிவுகூட இல்லையா?”

மச்சான் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்ததுதான் தாங்குமுக்குப் பயமாக இருந்தது.

“மாமா, இஞ்சின் ஒரு வாரமா ஈரத்துல கிடக்கு.”

“இஞ்சின் வேற, பொத்தான் வேற.”

“பூச்சு ஒண்ணுதானே?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாது. சரி. உங்களுக்குப் புரியுதா, அதை மட்டும் சொல்லுங்க. நாளைக்கு நான் முழு வேகத்துல ஓட்டணும். தாங்குமா?”

தாங்கும் மென்று முழுங்கினான். வாயில் சோறு ஏதும் இல்லை.

அவன் என்ன நினைத்தான் என்று சொல்லட்டுமா? நாற்காலியை நினைத்தான். தாங்காது என்று சொன்னால் ஓட்டம் நிற்கும், நாற்காலி போகும். அதுகூடப் பரவாயில்லை. ஏன் நிறுத்தினீர்கள், தண்ணீர் பட்டால் உரியும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். கேட்டால் வெள்ளிக்கிழமை துடைத்த தரையும், திங்கட்கிழமை உரிந்த தோலும், வாசலில் பெருக்குகிற அந்த அம்மாளும் ஒவ்வொன்றாக வெளியே வரும். இத்தனை நாள் பூசி மெழுகியது எல்லாம் ஒரே நாளில் உரிந்துவிடும். மனிதனுக்கு உயிரைவிடப் பயம் எதில் பாருங்கள்.

காலையில் மழை விட்டிருந்தது. அவன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“ராத்திரி பேசினது போதும்னு நினைக்காதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு. என் தம்பி உக்காந்திருப்பானே, அவனுக்கு முன்னால ஒரு கண்ணாடி. அது தாங்கும்னு சொன்னது யாரு?”

“அது... அந்தக் கண்ணாடியைச் சோதிச்ச கமிட்டியில நானும் இருந்தேன்.”

“அதான். எங்க வீட்டுச் சுவர்ல பலகை அடிச்சதும் நீங்கதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவனுக்கு மத்தியான சாப்பாடு கட்டிவைக்கவில்லை. தம்பிக்கு மட்டும் கட்டி, அதை இவன் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். கனமான டப்பா. வழி முழுக்க அவன் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

கூடத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். இயக்குநர் புதுச் சட்டை போட்டிருந்தார். வெளியூரிலிருந்தும் இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாங்கும் மச்சானைத் தேடிப் போய் டப்பாவை நீட்டினான்.

“அக்கா குடுத்தா.”

“அங்க வைங்க மாமா. ஓட்டம் முடிஞ்சதும் சாப்பிடுறேன்.”

அவ்வளவுதான் பேசினான். ராத்திரி நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் இவன் கோபப்பட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம், எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். மச்சான் அந்த வழியையும் அடைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். டப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மேஜைமேல் இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“எரிபொருள்?”

“தயார்.”

“எண்ணெய்?”

“தயார்.”

“காற்று?”

“தயார்.”

“பூச்சு?”

இயக்குநர் பாதி சிரிப்போடு திரும்பினார். அந்த முழக்கத்தைக் கேட்பதில் அவருக்கு ஒரு ருசி. வெளியூர்க்காரர்களிடம் அதைப் பற்றி முன்னாலேயே சொல்லியும் வைத்திருந்தார். தாங்கும் தொண்டையைக் கனைத்தான். நெஞ்சு நிமிரவில்லை.

“பூச்சு?” மச்சானுடைய குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை. யாரையோ முதன்முதலாகக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

தாங்கும் டப்பாவைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவனையே பார்த்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தான்.

“தாங்...” என்றான்.

அந்தச் சொல் அவன் வாயில் பாதியில் நின்றது. இத்தனை வருஷமாக வழுக்கிக்கொண்டு வந்த சொல் அது.

“தாங்காது” என்றான்.

யாருக்கும் புரியவில்லை. “என்ன?” என்றார் இயக்குநர். “என்ன சொன்னாரு?” என்றார் வெளியூர்க்காரர் ஒருவர்.

“தாங்காது. நிறுத்துங்க. தண்ணி பட்டா உரியுது.”

மச்சான் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டான். எடுத்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் நீங்களே அவனைத் திட்டுவீர்கள். இஞ்சினுக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் முனையிலிருந்த கேமரா வழியாகப் பார்த்தார்கள். பிளேடுகள் சிலவற்றில் தோல் உரிந்து கறுப்புத் திட்டுத் திட்டாக இருந்தது. அடியில் வெள்ளைச் செதில் குவிந்து கிடந்தது. ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அமைதியில் தாங்குமுக்குத் தைரியம் வந்துவிட்டது. உயிர் திரும்பியதும் வாயும் திரும்பிவிட்டது.

“ஈரம்தான் எதிரின்னு எனக்கு முன்னாலேயே ஒரு சந்தேகம்” என்று ஆரம்பித்தான். “அதனாலதான் அப்பவே அந்த அறையில ஈரத் துடைப்பானையே தடை பண்ணேன்.”

அடேயப்பா! ராத்திரிவரைக்கும் இவனுக்கு எதிரி அந்த அம்மாளுடைய கை. காலையில் எதிரி தண்ணீர் ஆகிவிட்டது. அதுவும் இவனே கண்டுபிடித்த எதிரி. இப்படி ஒரு பூச்சை எந்த உலையில் வைத்தாலும் உரியாது. இயக்குநர்கூடத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனால் மச்சான் ஒலிபெருக்கியை அணைக்கவில்லை.

“அப்போ அந்தம்மா பொத்தானைத் தொடவே இல்ல, இல்லையா மாமா?” என்று கூடம் முழுக்கக் கேட்டது அவன் குரல்.

 வெளியூர்க்காரர் “எந்த அம்மா?” என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவர் அதைக் கேட்டுவிட்டு இவனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். சாயம் வெளுத்துப்போக அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாற்காலி எரிபொருள்காரருக்குப் போனது. அவர் எப்போதும் தயார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

இனிமேல் ஒவ்வொரு பூச்சையும் ஈரத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. அந்த அறையில் பழையபடி வெள்ளிக்கிழமை ஈரம் போட்டுத் துடைத்து, பொத்தான்களை மேஜைமேல் விட்டுவிட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமையும் தோல் இருந்தால்தான் பூச்சு. துடைக்கிறவரைக் கூட்டிவரச் சொல்லி இயக்குநர் அனுப்பியது இவனைத்தான். அந்த மனிதர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

தாங்கும் வாசலுக்குப் போனான். அம்மாள் பாதையில் ஒட்டியிருந்த நனைந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இவன் வருவதைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

“உங்களை உள்ள கூப்பிடுறாங்க” என்றான்.

“யாரு?”

“இயக்குநர்.”

“அவர் எதுக்குக் கூப்பிடணும்? என்னை வெளிய போகச் சொன்னது நீங்கதானே?”

அவன் காலை மாற்றி நின்றான். “நான்தான் கூப்பிடுறேன்னு வச்சுக்குங்க.”

“நான் வந்தா பொத்தான் உடையுமே சார்.”

“உங்க கை இல்லம்மா. உங்க தண்ணி.”

“அப்போ தண்ணியக் கூப்பிட்டுக்கிட்டுப் போங்க.”

இலைகளை ஒரு ஓரமாகக் குவித்தார். மறுபடியும் பெருக்கினார். இவன் போகாமல் நின்றான். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. கடைசியில், வாயில் அரிசி போட்டுக்கொண்டு பேசுகிறவன் மாதிரி, “நீங்க தொடலை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றான்.

“சத்தமாச் சொல்லுங்க சார். வண்டி போற சத்தத்துல கேக்கல.”

வண்டி எதுவும் போகவில்லை. அவன் சத்தமாகச் சொன்னான். காவலாளி வெளியே எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னான்.

“சரி” என்றார் அம்மாள். “முழங்கால் வலிக்குது. நடந்துதான் வருவேன், அவசரப்படுத்தாதீங்க.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையில் புதுக் கலவை பூசின பொத்தான்கள் வரிசையாக இருந்தன. அம்மாள் வாளியைக் கதவருகில் வைத்தார். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து, மடித்து, ஆடுகிற வாளிக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். அப்புறம் துடைப்பானைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு இவனைத் திரும்பிப் பார்த்தார்.

“ஊத்தட்டுமா சார்? இது தாங்குமா?”

பழைய சொல் அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அம்மாளுக்கும் அது தெரிந்தது. துடைப்பானைப் பிடித்தபடியே காத்திருந்தார்.

“ஊத்துங்கம்மா” என்றான் அவன். “திங்கட்கிழமை வந்து பாப்போம்.”